துலீன் விமானத் தொழிற்சாலை, லாண்ட்ஸ்க்ரோனா 1914–1920: ஒரு நிகழ்வு ஆய்வு

‘துலீன் ஏ’ என்ற பெயரில் மூன்று பொருள்கள் உண்டு. ஒன்று விமானம், பிரான்சின் பிளேரியோ XI-இன் ஸ்வீடன் பதிப்பு. இன்னொன்று எஞ்சின், ஒன்பது சிலிண்டர்களும் சேர்ந்து சுழலும் ‘ரோட்டரி’ வகை, 90 குதிரைத்திறன். மூன்றாவது கார், 1920-இல் வந்தது. மூன்றும் ஸ்வீடனின் தென்முனையில், ஓரெசுண்ட் நீரிணைக் கரையிலுள்ள லாண்ட்ஸ்க்ரோனா என்ற துறைமுக ஊரில் ஒரே தொழிற்சாலையில் பிறந்தவை. இந்த நிறுவனத்தின் வரலாற்றைப் புரட்டுகிறவர்கள் முதலில் சறுக்கி விழும் இடமும் இதுதான். எஞ்சினுக்குரிய கணக்கை விமானத்தின் தலையில் கட்டிவிடுவார்கள், காருக்குரியதை எஞ்சினோடு சேர்த்துவிடுவார்கள்.

எனோக் துலீன் 1914-இல் தொடங்கிய இந்தத் தொழிற்சாலை, உச்சத்தில் ஆயிரம் பேர் அளவுக்கு வேலை கொடுத்தது. சுமார் 100 விமானங்களையும் பல நூறு விமான எஞ்சின்களையும் செய்தது. அன்றைய ஸ்வீடனில் இதைவிடப் பெரிய விமானத் தொழிற்சாலை கிடையாது. அப்படியிருந்தும் 1920-இல் திவால். போர் முடிந்தது, முதலாளி விபத்தில் இறந்தார், அதனால் கடை மூடியது என்று இரண்டு வரியில் கதையை முடித்துவிடுவது வழக்கம். இரண்டும் உண்மைதான், ஆனால் அவை கடைசி ஓராண்டின் காரணங்கள். நோய் அதற்கு முன்பே, நிறுவனம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே, எஞ்சின் பிரிவுக்குள் இருந்தது.

படகுப் பட்டறையில் ஆரம்பம்

லாண்ட்ஸ்க்ரோனாவில் விமானம் கட்டும் வேலை துலீனுக்கு முன்பே இருந்தது. ஹியால்மர் நூரோப் அங்கே படகு கட்டுகிறவர். ஒஸ்கார் ஆஸ்க் என்ற பொறியாளர் அவரோடு சேர்ந்து 1910-இல் பிளேரியோ பாணியில் ஒற்றை இறக்கை விமானம் ஒன்றைக் கட்டினார். அதற்கு ‘வெட்டுக்கிளி’ என்று பெயர் வைத்தார்கள். ஸ்வீடனிலேயே கட்டி எழும்பிய முதல் விமானங்களுள் அது ஒன்று. எழும்பிய விதத்தைப் பார்த்தால் பெயர் பொருத்தம்தான்.

படகுக்காரர் விமானம் கட்டினார் என்பது இன்று வேடிக்கையாகத் தோன்றலாம். அன்றைய விமானத்துக்கு வேண்டிய கைத்திறன் அனைத்தும் படகுப் பட்டறையில்தான் இருந்தது. மரத்தை ஆவியில் வேகவைத்து வளைப்பது, நார் ஓட்டம் பார்த்து மரம் தேர்வது, எடை குறைய இழைத்துப் பலம் குறையாமல் நிறுத்துவது, துணியை இழுத்துக் கட்டுவது, கம்பியை முறுக்கேற்றுவது: பாய்மரப் படகுக்காரருக்கு இதில் எதுவும் புதிதில்லை. நூரோப் கட்டிய ஒரு விமானத்தை ஒட்டோ எமில் நோய்முல்லர் என்ற செல்வந்தர் வாங்கி ஸ்வீடன் கடற்படைக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். 1912 பிப்ரவரியில் ஒல்லே டால்பெக் என்ற கடற்படை அதிகாரி அதை ஓட்டினார். ஸ்வீடன் ராணுவப் பறப்பின் தொடக்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

துலீன் வேறு வழியாக வந்தவர். 1881-இல் ஸ்கோனெ மாகாணத்தின் சிம்ரிஸ் என்ற ஊரில் பிறந்தவர், தந்தை பாதிரியார். லுண்ட் பல்கலைக்கழகத்தில் படித்து 1912-இல் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் பிரான்சு சென்று பிளேரியோ விமானம் ஓட்டக் கற்றார். ஸ்வீடனின் விமானி உரிமங்களில் 10-ஆம் எண் இவருடையது. 1913-இல் ஆஸ்க்கோடு கூட்டாக லாண்ட்ஸ்க்ரோனாவில் ஒரு விமானப் பட்டறை தொடங்கி, மறு ஆண்டு அதைத் தன் பெயரிலேயே நிறுவனமாக்கினார். படித்தவர், பறப்பவர், பணம் திரட்டத் தெரிந்தவர், விற்கத் தெரிந்தவர். நான்கும் ஒரே ஆள். இது பின்னால் பிரச்சினையாகும்.

பிளேரியோ: எளிது, ஆனால் அத்தனை எளிதும் இல்லை

முதல் சரக்கு, உரிமம் பெற்றுக் கட்டிய பிளேரியோ XI. 1909 ஜூலை 25-இல் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிய அதே வடிவம். இறக்கையின் நீட்டம் 7.8 மீட்டர். பிளேரியோ கால்வாயைத் தாண்டியது 25 குதிரைத்திறன் அன்சானி எஞ்சினில். பின்னர் 50 குதிரைத்திறன் நோம் ரோட்டரி வழக்கமாயிற்று. புதிதாகத் தொழில் தொடங்குகிறவருக்கு இது நல்ல தேர்வு. வரைபடம் கையில் இருக்கிறது, வாங்குகிறவருக்குப் பெயர் தெரியும், மரவேலைக்காரர்களும் ஊரில் இருக்கிறார்கள்.

உடற்சட்டம் நான்கு நெடுங்கட்டைகளாலான ஒரு நீண்ட கூண்டு. குறுக்குக் கட்டைகள் நெடுங்கட்டையில் துளை போட்டுச் செருகப்படுவதில்லை, ‘யு’ வடிவ போல்ட்டுகளால் பிடிக்கப்படுகின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் மூலைக்கு மூலை எஃகுக் கம்பி, அதை இறுக்க டர்ன்பக்கிள். சட்டத்தை நேராக்கும் வேலையில்தான் பட்டறையின் தரம் தெரியும். கூண்டைத் தாங்கிகள் மேல் மட்டம் பார்த்து வைக்க வேண்டும். முன்கட்டத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு கட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து சமமாக்க வேண்டும். ஒரு கம்பியை இறுக்கும்போது எதிர்க்கம்பியை அதே அளவு தளர்த்தாவிட்டால் கட்டை வில்லாக வளைந்துவிடும். வால்வரை முடித்த பின் நடுக்கோட்டில் நூல் பிடித்துப் பார்த்தால் முறுக்கல் தெரியும். தெரிந்தால் மீண்டும் முதல் கட்டத்துக்கே போக வேண்டியதுதான். புதுக் கம்பி முதல் சில பறப்புகளில் நீளும், ஆகவே இந்த வேலை ஒருமுறையோடு தீராது. அனுபவப்பட்ட ஆள் கம்பியை விரலால் சுண்டி, வீணைத் தந்தி பார்ப்பதுபோல ஒலியிலேயே இறுக்கம் சொல்லிவிடுவார்.

பக்கவாட்டில் சாய்வதற்கு இந்த விமானத்தில் எயிலெரான் என்ற தனி மடல் கிடையாது. இறக்கையின் பின்விளிம்பையே கம்பியால் இழுத்து முறுக்குவார்கள். ஒரு பக்க இறக்கையின் பின்பாகம் கீழிறங்க, மறுபக்கம் மேலேறும். இதற்கு இறக்கை நெகிழ்வாக இருக்க வேண்டும், ஆனால் பலமாகவும் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று பகை. இறக்கையின் நீளத்துக்கு ஓடும் இரண்டு நெடும்பட்டைகளில் முன்னது உறுதியாகக் கட்டப்படும், பின்னது அசைய விடப்படும். அசைந்துகொண்டே இருக்கும் மரம் பொருத்துமிடத்தில் தேயும், துளை நீளும், கம்பி கொக்கியடியில் இற்றுப்போகும். பரிசோதனையில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பறக்கும்போது காற்று இறக்கையை மேலே தூக்கும், அந்த இழுப்பைக் கீழ்க்கம்பிகள் தாங்கும். மேலே செல்லும் கம்பிகள் தரையில் நிற்கும்போது இறக்கை தொங்காமல் பிடிக்கத்தான் என்று ஆரம்பத்தில் நினைத்து மெல்லியதாக வைத்தார்கள். செங்குத்தாகப் பாய்ந்து வேகமெடுத்தாலோ, திடீரென மூக்கைத் தாழ்த்தினாலோ இறக்கையின்மேல் கீழ்நோக்கிய அழுத்தம் வரும். அப்போது அந்த மெல்லிய மேல்கம்பி அறுந்தால் இறக்கை கீழ்ப்பக்கமாக மடங்கிவிடும். இப்படிச் சில விபத்துகள் நடந்த பின் 1912-இல் பிளேரியோவே இதைக் கண்டறிந்து சொல்ல, பிரெஞ்சு ராணுவம் ஒற்றை இறக்கை விமானங்களை நிறுத்திவைத்து மேல்கம்பிகளைப் பலப்படுத்தியது. 1914-இல் கட்டத் தொடங்கியவர்களுக்கு இந்தப் பாடம் பிறர் உயிர் கொடுத்துக் கற்றதாக முன்கூட்டியே கிடைத்துவிட்டது.

பிளேரியோவுக்குப் பின் பிரான்சின் மொரான்-சோல்னியே நிறுவன வடிவங்கள் வந்தன. அவற்றுள் ‘துலீன் டி’ விமானியின் தலைக்கு மேல் இறக்கை உள்ள பாராசோல் வகை. இருவர் அமரலாம், கீழே பார்க்கத் தடையில்லை என்பதால் வேவு பார்க்க ஏற்றது. 1915-இல் யுங்பிஹேட் திடலில் நிறுவனத்தின் விமானிப் பள்ளியும் தொடங்கியது. விமானம் விற்கிற கடையே ஓட்டக் கற்றுக் கொடுத்தது, கற்றவர்கள் அந்த விமானத்துக்கே பழகினார்கள். வியாபாரமாகப் பார்த்தால் கெட்டிக்கார ஏற்பாடு.

எஞ்சின்

1914 ஆகஸ்டில் போர் வெடித்தது. ஸ்வீடன் நடுநிலை. அதுவரை விமான எஞ்சின் பிரான்சிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ வரும். இனி அந்த இரு நாட்டுக்கும் தங்கள் எஞ்சின் தங்களுக்கே போதாது. எஞ்சின் இல்லாத விமானம் வெறும் மரச்சாமான். ஸ்வீடனில் விமானம் கட்டப் புகுந்த எல்லோரும் முட்டி நின்ற சுவர் இது.

உடற்சட்டத்தில் பிரச்சினை அவ்வளவு இல்லை. போருக்குச் சற்று முன் காட்சிக்காக ஸ்வீடன் வந்த ஜெர்மனியின் ஆல்பட்ராஸ் இரட்டை இறக்கை விமானம் ஒன்று போர் மூண்டதும் அங்கேயே தங்கிவிட்டது. அதை அளந்து பார்த்து ஸ்வீடனின் பல பட்டறைகள் நகல் கட்டின. மரமும் துணியும் கம்பியும் இருந்தால் விமானத்தை நகலெடுக்கலாம். எஞ்சினை அப்படி எடுக்க முடியாது.

துலீன் தேர்ந்தெடுத்தது பிரான்சின் ல ரோன் 9சி ரோட்டரியை. அதன் வார்ப்பில் உருவானதுதான் ‘துலீன் ஏ’ எஞ்சின். மூலமான ல ரோன் 80 குதிரைத்திறன், ஒன்பது சிலிண்டர், சிலிண்டரின் உள்விட்டம் 105 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 140 மி.மீ., மொத்தக் கொள்ளளவு 10.9 லிட்டர், நிமிடத்துக்கு சுமார் 1,200 சுற்று. துலீன் தன்னுடையதை 90 குதிரைத்திறன் என்று விற்றார்.

ரோட்டரி என்றால் என்ன என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த நிறுவனத்தின் எழுச்சியும் வீழ்ச்சியும் அதன் உள்ளே இருக்கிறது. சாதாரண எஞ்சினில் சிலிண்டர்கள் நிற்கும், பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்ட் சுழலும். ரோட்டரியில் கிராங்க் ஷாஃப்ட் விமானத்தோடு முடுக்கப்பட்டு நிற்கும். ஒன்பது சிலிண்டரும் நட்சத்திரம் போல அதைச் சுற்றிச் சுழலும். புரொப்பெல்லர் அந்தச் சுழலும் கூட்டத்தோடு நேரடியாகப் பூட்டப்பட்டிருக்கும். சிலிண்டர்களே காற்றை வெட்டிக்கொண்டு ஓடுவதால் தண்ணீர் வேண்டாம், ரேடியேட்டர் வேண்டாம், தனியாக ஃப்ளைவீல் வேண்டாம். 120 கிலோவுக்குள் 80 குதிரைத்திறன். 1914-இல் இதைவிட இலேசான வழி இருக்கவில்லை.

விலை வேறு இடத்தில் கொடுக்க வேண்டும். நிமிடத்துக்கு 1,200 சுற்று என்றால் வினாடிக்கு 20. மையத்திலிருந்து 45 செ.மீ. தள்ளி இருக்கும் 50 கிராம் ஸ்பார்க் பிளக் ஒன்று, அந்தச் சுழற்சியில் சுமார் 36 கிலோ எடை தொங்குவதுபோல வெளியே இழுக்கும். சிலிண்டர் முழுவதுக்கும் கணக்குப் போட்டால் டன் கணக்கில் வரும். ல ரோனில் சிலிண்டரின் அடிப்பாகத்தில் மரை வெட்டி, கிராங்க் பெட்டியில் திருகி ஏற்றி, பூட்டு நட்டால் இறுக்குவார்கள். ஆக அத்தனை இழுப்பும் அந்த மரையில். மரை சரியாக உட்காரவில்லை என்றால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

அடுத்தது எடைச் சமன். ஒன்பது சிலிண்டரில் ஒன்று மட்டும் 20 கிராம் கூடுதலாக இருந்தால், மையத்திலிருந்து 35 செ.மீ. தூரத்துக்குக் கணக்கிட, சுமார் 11 கிலோ விசை ஒரு பக்கமாக வினாடிக்கு 20 முறை சுற்றி இழுக்கும். அது எஞ்சின் தாங்கியை உலுக்கும், பிறகு நெடுங்கட்டையை, அதன்பின் நாம் மேலே பார்த்த அந்தக் கம்பிக் கொக்கிகளை. எனவே ஒன்பதையும் ஒரே எடைக்குக் கடைந்து, தராசில் வைத்துப் பொருத்தம் பார்த்துச் சேர்க்க வேண்டும். படகுத் தச்சரின் கைக்கு இங்கே வேலை இல்லை. லேத், கிரைண்டிங், அளவுக் கருவி, அதை நம்பி வேலை செய்யும் ஆள் என்று வேறொரு உலகம். லாண்ட்ஸ்க்ரோனாவில் உண்மையில் நடந்த மாற்றம் இதுதான்: மரப்பட்டறை துல்லிய இயந்திரத் தொழிற்சாலையாக ஆனது.

பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் தண்டு கனெக்டிங் ராட். ல ரோனில் அதன் அமைப்பும் செய்வதற்குக் கடினம். நோம் எஞ்சினில் ஒரு தலைமை ராட், மற்றவை அதில் கிளை. ல ரோனிலோ கிராங்க் முள்ளைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டப் பள்ளங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று ராடுகளின் அடி வழுக்கி ஓடும். மூன்று அளவு ராடுகள், மூன்று விதமான அடி வளைவு. பள்ளத்துக்கும் அடிக்கும் இடையில் எண்ணெய் படரும் அளவு இடைவெளி வேண்டும், ஆட்டம் கூடாது. வால்வுகளுக்கு ஒரே தண்டு: மேலே தள்ளினால் ஒரு வால்வு, கீழே இழுத்தால் மற்றது. பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை, கிராங்க் பெட்டியிலிருந்து சிலிண்டர் தலைக்கு, வெளியே ஓடும் செம்புக் குழாய்கள் வழியாகப் போகும். அந்தக் குழாயின் இணைப்பு தளர்ந்தால் அந்தச் சிலிண்டர் மட்டும் காற்றை உறிஞ்சி விட்டு விட்டு எரியும்.

எரியும் வரிசை 1-3-5-7-9-2-4-6-8. ஒன்றுவிட்டு ஒன்றாகப் போனால் இரண்டு சுற்றில் ஒன்பதும் ஒருமுறை எரிந்து முடிய வேண்டும். 720 பாகையை ஒன்பதால் வகுத்தால் 80 பாகைக்கு ஒரு வெடிப்பு, எல்லாம் சம இடைவெளி. சிலிண்டர் எண்ணிக்கை இரட்டையாக இருந்தால் இந்தச் சமம் வராது. ரோட்டரிகள் ஏழு, ஒன்பது, பதினொன்று என்றே வந்ததற்குக் காரணம் இது.

எண்ணெய்தான் ரோட்டரியின் விசித்திரம். பெட்ரோல் கலவை கிராங்க் பெட்டி வழியாகவே போவதால், சாதாரண எண்ணெய் பெட்ரோலில் கரைந்து கழுவப்பட்டுவிடும். பெட்ரோலில் எளிதில் கரையாதது ஆமணக்கெண்ணெய், நம் வீட்டு விளக்கெண்ணெய். அது எஞ்சினுக்குள் சுற்றி வராது. உயவிட்டதும் வால்வு வழியே வெளியே வீசப்படும். தொட்டியில் ஊற்றிய எண்ணெய் மணிக்குப் பல லிட்டர் என்று தீர்ந்துகொண்டே இருக்கும், விமானியின் முகத்திலும் துணியிலும் படியும். ஆமணக்கு விளையும் நாடு ஸ்வீடன் இல்லை. அக்காலத்தில் உலகின் முக்கிய விளைச்சல் இந்தியாவில், அதாவது பிரிட்டனின் கையில். கடல் முற்றுகைக் காலத்தில் நடுநிலை நாடொன்றின் எஞ்சின் இந்த எண்ணெயை நம்பி இருப்பது வசதியான நிலை இல்லை. எஃகுக்கு ஸ்வீடனில் குறைவில்லை. பால் பேரிங் செய்யக் கோத்தன்பர்க்கில் 1907 முதல் எஸ்கேஎஃப் இருந்தது. எண்ணெய்க்கு அப்படியொரு பதில் கிடையாது.

குளிர்காலம் இன்னொரு சோதனை. பூஜ்யத்துக்குக் கீழே ஆமணக்கெண்ணெய் தேன்போலத் தடித்துவிடும். சூடாக்கி ஊற்ற வேண்டும், ஒவ்வொரு சிலிண்டருக்கும் பீச்சாங்குழலால் கொஞ்சம் பெட்ரோல் விட வேண்டும், பிறகு புரொப்பெல்லரைக் கையால் சுற்ற வேண்டும். சூடாக்காமல் சுற்றினால் முதல் சில நிமிடங்கள் அந்த மூன்று வட்டப் பள்ளங்களும் உலர்ந்தே ஓடும்.

இத்தனை தொல்லையோடும் துலீன் எஞ்சின் விற்றது, ஏனென்றால் வாங்க வேறு கடை இல்லை. வெளிநாடுகளும் வாங்கின. டென்மார்க்கில் நீல்சன் & வின்டர் கட்டிய போர்விமானத்தில் 90 குதிரைத்திறன் துலீன். நெதர்லாந்தின் ஸ்பைக்கர் வி.2 பயிற்சி விமானத்திலும் துலீன். எல்லாம் நடுநிலை நாடுகள், எல்லோருக்கும் ஒரே பஞ்சம்.

அடைபட்ட சந்தை

இங்கேதான் நிறுவனத்தின் கணக்கு தப்பியது என்பது எங்கள் கருத்து. போட்டியே இல்லாத சந்தையில் விற்றால், சரக்கு நல்லது என்பதால் விற்கிறதா, வேறு இல்லை என்பதால் விற்கிறதா என்று தெரியாது. 1914-இல் ரோட்டரி உலகத் தரம். 1918-இல் போரிடும் நாடுகள் நீர்க்குளிர்ச்சியில் 200 குதிரைத்திறனையும் தாண்டிவிட்டன. சிலிண்டர்கள் சுழலும் காற்றெதிர்ப்பே ரோட்டரிக்கு உச்சவரம்பு. சுற்று கூடக் கூட, எஞ்சின் தன் பலத்தைத் தன் சிலிண்டர்களைச் சுழற்றவே செலவழிக்கும். ரோட்டரியைச் செம்மைப்படுத்தலாம், அதற்கு மேல் வளர்க்க முடியாது.

லாண்ட்ஸ்க்ரோனாவில் முயற்சியே இல்லை என்று சொல்ல முடியாது. சொந்த வடிவங்கள் வந்தன: இரட்டை இறக்கை வேவு விமானம் ‘இ’, கடற்படைக்கு மிதவை பொருத்திய ‘ஜி’. எழுத்துகள் ஏறிக்கொண்டே போயின. ஆனால் பல எழுத்துகளில் கட்டியது கைவிரல் அளவுதான். வகை கூடி எண்ணிக்கை குறைந்தால் ஒவ்வொன்றுக்கும் புதிய அச்சு, புதிய வரைபடம், புதிய தவறு. முதல் ஐந்து விமானத்தில் கற்றுக்கொள்ளும் பாடத்தை ஆறாவதில் பயன்படுத்த ஆறாவது இருக்க வேண்டும்.

ஒரு விமானம் மட்டும் தொழிற்சாலையைத் தாண்டிய வரலாறு படைத்தது. 1918 மார்ச் 6-இல் எரிக் வொன் ரோசன் என்ற ஸ்வீடன் கோமான் தன் துலீன் டி விமானத்தை, பின்லாந்து உள்நாட்டுப் போரில் செம்படையை எதிர்த்த வெள்ளைப் படைக்கு அன்பளிப்பாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். உமேயோவிலிருந்து வாசாவுக்குக் கடலைத் தாண்டி ஓட்டியவர் நில்ஸ் கிண்ட்பெர்க். அனுமதியின்றி நாட்டை விட்டுப் பறந்ததற்காக ஸ்வீடன் அவருக்கு 100 குரோனர் அபராதம் போட்டது. பின்லாந்து அந்த நாளையே தன் விமானப்படையின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. இறக்கையில் வொன் ரோசன் தன் அதிர்ஷ்டக் குறியாக வரைந்திருந்த நீல ஸ்வஸ்திகா, 1945 வரை பின்லாந்து விமானப்படை விமானங்களின் அடையாளச் சின்னமாக நீடித்தது. ஜெர்மன் நாஜிக் கட்சி தன் கொடியில் அதை ஏற்றுவதற்கு முந்தைய கதை இது. ஆனால் இந்த வொன் ரோசன்தான் பின்னாளில் நாஜித் தலைவர்களுள் ஒருவரான ஹெர்மன் கோரிங்குக்கு மைத்துனர் முறையானவர் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. அந்த விமானம் நெடுநாள் நிற்கவில்லை. விரைவிலேயே விபத்தில் நொறுங்கி, அதிலிருந்தவர்களும் இறந்தனர்.

‘கே’

1917-இல் வந்த ‘துலீன் கே’ இந்த நிறுவனத்தின் நல்லதும் கெட்டதும் ஒருசேரத் தெரியும் விமானம். சிறிய, இலேசான ஒற்றை இறக்கை, முன்னால் சொந்த 90 குதிரைத்திறன் ரோட்டரி. மணிக்கு சுமார் 150 கி.மீ. நெதர்லாந்துக் கடற்படை ஒரு டஜனுக்கு மேல் வாங்கியது. அதுவும் எஞ்சின் கிடைக்காமல் தவித்த நடுநிலை நாடுதான்.

கைக்கு அழகாக வளையும் விமானம். சாகசப் பறப்புக்கு ஏற்றது. ஆனால் 1917-இலும் அதில் எயிலெரான் இல்லை. பிளேரியோ போலவே இறக்கை முறுக்கல். மற்ற நாடுகளின் போர்விமானங்கள் இதைக் கைவிட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. காரணம் மேலே சொன்னதுதான்: முறுக்க வேண்டிய இறக்கையைப் போதிய அளவு விறைப்பாக்க முடியாது, விறைப்பில்லாத இறக்கையை வேகமாக ஓட்ட முடியாது. இலேசான விமானத்தின் மூக்கில் 100 கிலோவுக்கு மேல் எடை சுழன்றுகொண்டிருப்பதால் பம்பரக் குணமும் சேரும். வலப்பக்கம் திரும்பினால் மூக்கு தாழும், இடப்பக்கம் திரும்பினால் மூக்கு எழும். பழகிய கை இதைச் சாகசத்துக்குப் பயன்படுத்தும். தாழ்வான உயரத்தில், வலத்திருப்பத்தில், ஒரு நொடி தாமதித்துத் திருத்தினால் மிச்சமிருக்கும் உயரம் போதாது.

1919 மே 14 அன்று துலீன் லாண்ட்ஸ்க்ரோனாவில் ‘கே’ விமானத்தில் சாகசம் காட்டிக்கொண்டிருந்தபோது விழுந்து இறந்தார். வயது 37.

அதற்குப் பிறகு

போர் முடிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஐரோப்பா முழுவதும் மிச்சமான போர்விமானங்களும் எஞ்சின்களும் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தன. ஸ்வீடன் ராணுவம் ஆஸ்திரியாவின் ஃபீனிக்ஸ் டி.III போர்விமானத்துக்குப் போனது: இரட்டை இறக்கை, எயிலெரான், 200-ஐத் தாண்டிய குதிரைத்திறனில் நீர்க்குளிர்ச்சி எஞ்சின். அதன் பக்கத்தில் ‘கே’யை நிறுத்தினால் பத்தாண்டு வித்தியாசம் போலத் தெரியும். உண்மையில் இரண்டும் ஒரே காலத்தவை.

ஆயிரம் பேருக்கான கூலி, ரோட்டரிக்கென்றே வாங்கிப் பொருத்திய இயந்திரங்கள், விற்காத இருப்பு. கடன்காரரோடு பேசவும், வேறு வழி காட்டவும், நம்பிக்கை வாங்கவும் ஒரே ஆள் இருந்தார், அவரும் இல்லை. 1920-இல் திவால். இரண்டாம் நிலையில் ஒருவரை வளர்த்து வைக்காத நிறுவனத்துக்கு அந்த ஓராண்டே அதிகம் என்றுதான் சொல்ல வேண்டும்.

கட்டடமும் லேத்துகளும் தொழிலாளிகளின் கையும் அப்படியே இருந்தன. துலீன்வெர்கன் என்ற புதுப் பெயரில் கார் செய்யத் தொடங்கினார்கள். ஜெர்மனியின் ‘ஆகா’ (AGA) நிறுவனக் காரை உரிமம் பெற்றுக் கட்டிய அது, நான்கு சிலிண்டர், ‘துலீன் ஏ’. சுமார் 300 விற்றது. அமெரிக்கக் கார்கள் ஸ்வீடனில் மலிவாக வந்து குவிந்த காலம் அது. இங்கே சந்தைக்குச் சுவர் எதுவும் இருக்கவில்லை. 1927-இல் நான்கு சக்கரத்திலும் பிரேக் வைத்த ‘துலீன் பி’ வந்தது. அதே ஆண்டில்தான் கோத்தன்பர்க்கில் வோல்வோ தன் முதல் காரை வெளியே விட்டது. ‘பி’ சில வண்டிகளோடு நின்றது, 1928-இல் கார் தயாரிப்பும் முடிந்தது.

யுங்பிஹேட் பள்ளி துலீனுக்குப் பின்னும் சற்று ஓடியது. எல்சா ஆண்டர்சன் அங்கே கற்று 1920-இல் 203-ஆம் எண் உரிமத்தோடு ஸ்வீடனின் முதல் பெண் விமானியானார். 1922 ஜனவரியில் அஸ்கர்சுண்டில் பாராசூட் குதிப்பில் இறந்தார். 1926-இல் ஸ்வீடன் விமானப்படை உருவானபோது அந்தத் திடலே அதன் விமானிப் பள்ளிக்கு இடமாயிற்று. இன்றும் அங்கே லுண்ட் பல்கலைக்கழகத்தின் விமானிப் பயிற்சி நடக்கிறது.

லாண்ட்ஸ்க்ரோனாவில் 1918-இல் கட்டிய துலீன் ஏ ஒன்று சீரமைக்கப்பட்டு, ரோட்டரி எஞ்சினோடே நம் காலத்துக் கண்காட்சிகளில் பறந்திருக்கிறது. கீழே நிற்பவர்களுக்கு அது வரும் முன்பே சுட்ட விளக்கெண்ணெய் வாசம் வந்துவிடும்.